கேப்டன் மன்னிப்புக் கேட்கும் காட்சி

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு, அக்கா எழுதுவது. நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரியும் நலமாக இருக்க வேண்டும். அவளுடைய முழங்கால் வலி குறைந்ததா? இதைப் போனில் கேட்டிருக்கலாமே என்று சொல்லாதே. முப்பத்தொரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் பேசுவதற்கெல்லாம் லைன் கொடுத்தவள் நான். ஓய்வு பெற்ற அன்றே அந்தக் கருவியோடு என் உறவு முடிந்தது. நான் எழுதுகிறேன், நீயும் எழுது.

விஷயம் இதுதான். இந்த அறுபத்து நாலு வயதில் குரல் நடிப்புத் தேர்வுக்குப் போய்விட்டு வந்திருக்கிறேன். சிரிக்காதே. நூலகத்துப் பலகையில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. வெளிநாட்டுப் படங்களுக்கும் தொடர்களுக்கும் நம் மொழியில் குரல் கொடுக்க ஆள் வேண்டுமாம். அனுபவம் தேவையில்லை, வயது வரம்பில்லை. அந்தக் கடைசி இரண்டு வார்த்தைக்காகவே போனேன்.

உதிரிபாகக் கடைக்கு மேலே மாடியில் ஸ்டுடியோ. சுவர் முழுக்கக் கறுப்பு ஸ்பான்ஜ். கதவு அலமாரி அளவு கனம். உள்ளே ஒரு மைக், ஒரு ஹெட்போன், எதிரே கண்ணாடி. வாசலில் இருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு தாளை நீட்டினாள். 'மூன்றாவது எறும்பு, கிழவி' என்று போட்டிருந்தது.

"இது வேணாம். படைத்தலைவி எறும்போட தாளைக் குடுங்க" என்றேன்.

"அது இருபத்தஞ்சு வயசுக் குரல்மா."

"எறும்புக்கு வயசு யார் பாத்தா?"

கொடுத்துவிட்டாள். கண்ணாடிக்குப் பின்னால் இயக்குநர் இருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம், கிராப்புத் தலை, காதில் பென்சில். நல்லா இருக்கு, நல்லா இல்லை, எதுவும் சொல்லமாட்டாள். "மறுபடி" என்பாள். ஏழு தரம் "மறுபடி" சொன்னாள். கடைசியில் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தாள்: 'குரல் தெளிவு. ஆனால் ஒவ்வொரு வரியையும் லைனைத் துண்டிக்கப் போகிறவர் போல முடிக்கிறீர்கள்.'

நான் எங்கே வேலை பார்த்தேன் என்று அவளிடம் சொல்லவே இல்லை, தம்பி. படைத்தலைவி வேடம் வேறு யாருக்கோ போனது. அவளுக்கு என்ன தெரியும்? லைனைத் துண்டிப்பது ஒரு வேலை. அதை ஒழுங்காகச் செய்ய எத்தனை பேரால் முடிந்தது? நான் விடுவதாக இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

பிப்ரவரி 21

அன்பு அக்காவுக்கு, நாங்கள் இருவரும் சௌக்கியம். முழங்கால் பரவாயில்லை, மாடிப்படிதான் ஆகாது. லிஃப்ட் மெக்கானிக் பெண்டாட்டிக்கு லிஃப்ட் இல்லாத வீடு வாய்த்ததே என்று தினமும் ஒரு தரம் சொல்லிக் காட்டுகிறாள்.

உன் கடிதத்தை வேலை இடத்தில் நாலு பேருக்குப் படித்துக் காட்டினேன். எங்கள் லிஃப்டுகளில் ஒரு பெண் "கதவு மூடுகிறது" என்று சொல்வாள், தெரியுமா? நாள் முழுக்க எனக்கு அவள்தான் துணை. கதவு மூடி அரை நிமிடம் ஆன பிறகும் சொல்லிக்கொண்டிருப்பாள். அது உன் குரலாக இருந்தால் கதவு பயந்து தானாகவே மூடியிருக்கும் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் எனக்குப் பெருமையாக இருந்தது அக்கா. வேறு யார் போவார்கள் இந்த வயதில்?

கோபித்துக்கொள்ளாதே, அந்தப் பெண் எழுதியது கொஞ்சம் சரிதான். நீ 'சரி' என்று சொன்னால் எதிரில் நிற்பவன் அதற்கு மேல் பேசமாட்டான்.

இன்னொன்றும் மனதில் ஓடியது. நாற்பது வருடம் முன்பு வானொலி நிலையம் உன்னைக் கூப்பிட்டபோது ஒருத்தர் உன்னைப் போக விட்டிருந்தால், இன்று அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நீ உட்கார்ந்திருப்பாய். அந்த ஒருத்தர் சுகமா என்று நான் கேட்கப்போவதில்லை. ஏழு வருடம் முன்பு உன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அவர் முகத்துக்கு நேராகக் கேட்டேன், பதில் சொல்லாமல் கை கழுவப் போனார். இனி இந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொன்னேன். சொன்னது சொன்னதுதான்.

நீ நன்றாக இரு. விடாதே.

தம்பி

*

மார்ச் 15

தம்பிக்கு அக்காவின் ஆசி. குளிர் போய்விட்டது, இருமல் இல்லை, பசிக்கிறது, தூங்குகிறேன். நலம் என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

நீயும் அவள் பக்கம் சேர்ந்துவிட்டாய். சேர்ந்துகொள். கோபத்தில் இரண்டு நாள் உன் கடிதத்தைத் தொடவில்லை. மூன்றாம் நாள் ஒரு சின்ன ரெக்கார்டர் வாங்கி, செய்தித்தாளை வாசித்துப் பதிவு செய்து கேட்டேன். நாற்பது தரம் கேட்டிருப்பேன். வாக்கியம் முடியும் இடத்தில் என் குரல் டக்கென்று கீழே விழுகிறது. பிளக்கைப் பிடுங்கின மாதிரி. நீயும் அவளும் சொன்னதற்காக ஒத்துக்கொள்ளவில்லை, எனக்கே கேட்டது.

யாரிடமும் போய்ப் படிக்கப்போவதில்லை. எக்ஸ்சேஞ்ச் வேலையையே நான் பார்த்துப் பார்த்துத்தான் கற்றேன். பதிவுக்கு முன் ஆப்பிள் துண்டு மென்றால் வாய்க்குள் எச்சில் சத்தம் வராது. கஞ்சி போட்ட பருத்திப் புடவை சரசரக்கும், நைந்த பழைய புடவை சத்தம் போடாது. 'ப' வரும் இடத்தில் மைக்குக்கு நேராகப் பேசாமல் முகத்தை ஒரு விரல் அளவு திருப்ப வேண்டும். இதெல்லாம் நானாகக் கண்டுபிடித்தேன்.

இரண்டாவது தேர்வுக்கும் போனேன். ஒரு வில்லி. தங்கையின் சொத்தைப் பறிக்கிறவள். கோபப்பட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா என்ன? வெளுத்து வாங்கினேன். அவள் ஒன்பது தரம் "மறுபடி" சொன்னாள். வாசல் பெண்ணும் நானும் இப்போது அவளை மறுபடிக்காரி என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். துண்டுத்தாளில் இந்தத் தரம்: 'முதல் வார்த்தையிலேயே கோபம் முழுதும் வந்துவிட்டது. கடைசி வரிக்கு எதுவும் மிச்சம் வைக்கவில்லை.' வேடம் கிடைக்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு நாற்பத்து மூன்று பேர் வந்தோம். எடுத்துக்கொண்டது ஒருவரை. நாற்பத்து மூன்று துண்டுத்தாளும் அவள் தன் கையாலேயே எழுதினாள். படியில் எல்லோரும் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டோம். ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. வேண்டாம் என்று சொல்ல எத்தனையோ பேருக்குத் தெரியும். ஏன் வேண்டாம் என்று உட்கார்ந்து எழுதுகிறவளை இப்போதுதான் பார்க்கிறேன்.

பாராட்டுகிறேன் என்று நினைக்காதே. நடந்ததைச் சொன்னேன்.

அக்கா

*

ஏப்ரல் 28

அக்கா, நலமா? நாங்கள் நலம். ஆறு வாரமாக உன் கையெழுத்தைக் காணவில்லை. போன் செய்தால் நீ எடுக்கமாட்டாய். இரண்டு வரி போதும்.

தம்பி

*

மே 10

அன்புள்ள தம்பிக்கு, நான் நலமாகத்தான் இருக்கிறேன். வீட்டில் வேலை இருந்தது.

இப்போதெல்லாம் ஸ்டுடியோவுக்குப் போக நேரம் ஒத்துவருவதில்லை. வீட்டிலேயே பதிவு செய்து அனுப்புகிறேன். கட்டிலுக்கும் துணி அலமாரிக்கும் நடுவில் கம்பளியைத் தொங்கவிட்டு, அதற்குள் ஒரு முக்காலி. மறுபடிக்காரி ஒத்துக்கொண்டாள். காட்டு விலங்குகள் பற்றிய படத்துக்கு வர்ணனை அனுப்பினேன். குறிப்பு வந்தது: 'வரி முடியும் இடம் சரியாகிவிட்டது. பின்னால் ஏதோ மோட்டார் ஓடுகிறது. அதைவிடப் பெரிய குறை, எல்லா வாக்கியமும் ஒரே நீளம். அளவுகோல் வைத்து நறுக்கியது போல.'

வரி முடியும் இடம் சரியாகிவிட்டதாம். அன்றைக்கு எழுதின 'குரல் தெளிவு' தவிர அவள் எழுதின முதல் நல்ல வார்த்தை. அதை மட்டும் கத்தரித்துக் கண்ணாடி ஓரத்தில் செருகிவைத்திருக்கிறேன்.

அந்தப் பதிவை ஒரு மெமரி கார்டில் போட்டு இத்துடன் அனுப்புகிறேன். சிங்கம் வரும் இடத்தைக் கவனி. பின்னால் கேட்பது ஃப்ரிட்ஜ், பொருட்படுத்தாதே.

உன் வீட்டுக்காரியை விசாரித்ததாகச் சொல்.

அக்கா

*

ஜூன் 2

அன்பு அக்கா, இங்கே இருவரும் நலம். உன்னைப் பற்றித்தான் கவலை.

சிங்கத்தைக் கேட்டேன். ஓய்வு நேரத்தில் லிஃப்ட் கூண்டுக்கு மேலே உட்கார்ந்து கேட்டேன். அந்த இடத்தில் மூச்சை அடக்கிக்கொண்டது சிங்கமா நீயா என்று தெரியவில்லை. நான் அடக்கிக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு நீ என்பதே மறந்துவிட்டது.

ஆனால் அக்கா, இருபத்தெட்டு வருடமாக மோட்டார் சத்தத்தில் பிழைக்கிறவனிடம் போய் ஃப்ரிட்ஜ் என்று சொல்கிறாயே. ஃப்ரிட்ஜ் ஓடும், நிற்கும். இது நிற்கவே இல்லை. ஏழு விநாடிக்கு ஒரு தரம் ஒரு வால்வு திறந்து புஸ் என்கிறது. போன வருடம் ஒரு குடியிருப்பில் எட்டாவது மாடிப் பெரியவர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இதே மெஷின் இருந்தது. மூக்கில் குழாய் வைத்து ஆக்சிஜன் கொடுப்பது. உன் வாக்கியமெல்லாம் ஏன் ஒரே நீளம் என்றும் புரிந்துவிட்டது. புஸ்ஸுக்கும் புஸ்ஸுக்கும் நடுவில் பேசியிருக்கிறாய்.

யாருக்கு? உனக்கா, அவருக்கா?

தம்பி

*

ஜூன் 20

தம்பிக்கு, எனக்கு ஒன்றுமில்லை. அத்தானுக்குத்தான்.

நாற்பது வருடம் கார்களுக்கு ஸ்பிரே பெயின்ட் அடித்த நுரையீரல். ஏப்ரல் முதல் வாரத்தில் மூச்சு நின்றுபோகிறாற்போல் ஆகி, பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். மெஷினோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். நாங்கள் இருப்பது இரண்டே பேர். அவரை விட்டு நான் நகர முடியாது. அவ்வளவுதான், இதற்கு மேல் ஒன்றுமில்லை. நீ வர வேண்டாம். நீ சொன்ன சொல் ஒன்று இருக்கிறது. அதை மீறச் சொல்லி நான் கேட்கமாட்டேன்.

மறுபடிக்காரியும் கேட்டாள். பதிவுகளைக் கொடுத்துவிட்டு வர, கீழ்வீட்டு நர்ஸை அத்தானோடு இருக்கச் சொல்லிவிட்டு ஒரு நாள் போயிருந்தேன்.

"அந்த மோட்டாரை நிறுத்த முடியாதாம்மா?"

"முடியாது."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தாள். "சரி, ஓடட்டும். சத்தத்தை எடுக்கறது என் வேலை. அதுக்குப் பயந்து நீங்க வாக்கியத்தை வெட்டாதீங்க. அது மேலயே பேசுங்க" என்றாள். அடுத்தவர் கஷ்டத்தைத் தோண்டாமல் வழி மட்டும் சொல்லத் தெரிந்த ஆட்கள் எத்தனை பேர்? எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. எழுதிவிட்டேன், வைத்துக்கொள்.

அன்றிலிருந்து மெஷினுக்கு மேலே பேசிப் பழகுகிறேன். அத்தான் ஸ்டாப்வாட்ச் பிடிக்கிறார். நான் ஒரு வரியைப் பார்த்ததும் "நாலரை விநாடி" என்பேன். வாசிப்பேன். அவர் வாட்சைத் திருப்பிக் காட்டுவார். இப்போதெல்லாம் கால் விநாடிகூடத் தப்புவதில்லை.

பெரிய விஷயத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். வெளிநாட்டுத் தொடர் ஒன்று வருகிறது, அறுபது பாகம். சரக்குக் கப்பலின் கேப்டன் ஒரு பெண். என் வயது. யாருக்கும் அம்மாவும் இல்லை, பாட்டியும் இல்லை, கேப்டன். ஜூலை எட்டு தேர்வு. கீழ்வீட்டு நர்ஸ் மூன்று மணி நேரம் அத்தானோடு இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

தம்பி, இது எனக்கு வேண்டும். எதையும் இவ்வளவு நேராக யாரிடமும் நான் சொன்னதில்லை.

நீங்கள் இருவரும் நலமாக இருங்கள்.

அக்கா

*

ஜூலை 1

அன்பு அக்காவுக்கு, நலம். நீ தனியாக இத்தனையும் இழுத்துக்கொண்டு சிங்கத்துக்கு வர்ணனை சொன்னாய் என்று நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

அவர் படுக்கையில் இருப்பது கேட்டு வருத்தம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் உன் வாயை அடைத்தவர் என்பதும் மறக்கவில்லை. எனக்கு ஆறு வாரம் விடுப்பு பாக்கி இருக்கிறது. கேப்டன் வேடம் கிடைத்தால் சொல், வருகிறேன். உனக்காக வருவேன், அவருக்காக இல்லை.

எட்டாம் தேதி காலை உன்னை நினைத்துக்கொண்டு வேலை செய்வேன். யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால் நீதான் பொறுப்பு.

தம்பி

*

ஜூலை 12

தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது. உடம்பு நன்றாக இருக்கிறது. தொண்டை மட்டும் கொஞ்சம் கட்டியிருக்கிறது.

திரையில் அந்த அம்மாளின் வாய் அசையும். அவள் வாய் திறக்கும்போது நாம் திறக்க வேண்டும், மூடும்போது மூட வேண்டும். மற்றவர்கள் எட்டு தரம், பத்து தரம் எடுத்துக்கொண்டார்களாம். முதல் பத்து வரியையும் நான் ஒரே டேக்கில் வைத்தேன். மறுபடிக்காரி காதிலிருந்து பென்சிலை எடுத்துக் கீழே வைத்தாள். "எங்கம்மா கத்துக்கிட்டீங்க இந்த அளவு?" "வீட்ல" என்றேன்.

அப்புறம் வந்தது அந்தக் காட்சி. கப்பல் தரைதட்டிவிடுகிறது. சுக்கான் பிடித்த மாலுமிதான் காரணம் என்று எல்லோரும் அவனைத் திட்டுகிறார்கள். கேப்டன் அவர்களைக் கூப்பிட்டு நிறுத்திச் சொல்கிறாள்: "அப்படித் திருப்பச் சொன்னது நான்தான். அவர் என் பேச்சைக் கேட்டார்." இவ்வளவுதான். இரண்டு வரி.

பதினோரு டேக். அளவெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவள் "மறுபடி, மறுபடி" என்றாள். எனக்கு ஏறிவிட்டது. "என்ன தப்புன்னு சொல்லிட்டு மறுபடி சொல்லு!" என்று மைக்கிலேயே கத்தினேன்.

கனத்த கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். ஒரு முக்காலியை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, கேப்டன் மன்னிப்புக் கேக்கறாங்க. நீங்க அறிவிப்புக் குடுக்கறீங்க. எதிர்ல ஒரு ஆள் இருக்கற மாதிரியே இல்ல. இதை முன்னாடி யாராவது உங்ககிட்ட சொல்லியிருக்காங்களா?"

"இல்ல" என்றேன்.

"சரி. மைக்கை மறந்துடுங்க. என்கிட்ட சொல்லுங்க."

அவள் முகத்தைப் பார்த்தேன். பிறகு அது அவள் முகமாக இல்லை. யாரிடம் சொன்னேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. பன்னிரண்டாவது தரம் சொல்லி முடித்தபோது அவள் எழுந்து போய்க் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். "மறுபடி" என்று சொல்லவில்லை. துண்டுத்தாளில் ஒரே வார்த்தை: 'கேப்டன்.'

ஆகஸ்ட் பத்திலிருந்து ஆறு வாரம், தினமும் காலை ஒன்பது முதல் மூன்று வரை ஸ்டுடியோவில் இருக்க வேண்டும். நர்ஸுக்கு டியூட்டி உண்டு. அத்தானை வேறு யாரிடமும் விட முடியாது. அதனால் முடியாது என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். நீ வர வேண்டாம். வராதே. காரணம் கேட்காதே.

அக்கா

*

ஜூலை 20

அக்கா, நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை.

அறுபது பாகம்! கேப்டன்! கையில் வந்ததைத் திருப்பிக் கொடுக்கிறாயா? நான் வருகிறேன் என்கிறேன், நீ வராதே என்கிறாய். ஏன் என்று எனக்குத் தெரியும். அவர் சொல்லியிருப்பார். என்னை வீட்டுக்குள் விடக்கூடாது என்று படுத்த படுக்கையில் இருந்தும் அதிகாரம் செய்கிறார். நாற்பது வருடம் முன்பு வானொலி, இப்போது இது. இரண்டாவது தடவையும் அதே மனுஷன் உன் வாயைப் பொத்துகிறார். இந்தத் தரம் நான் விடப்போவதில்லை.

தம்பி

*

ஜூலை 29

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பற்றி அத்தான் கேட்டார். "என்னடி எழுதியிருக்கான்?" "நலமாம்" என்றேன். இனிமேல் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வானொலி சம்பந்தமாக உனக்கு ஒரு தகவல் தெரிவிக்கிறேன்.

மேலே உள்ள வரியை அடித்துவிட்டேன், பார். அது அறிவிப்பு. மறுபடி எழுதுகிறேன்.

தம்பி, நான் பொய் சொன்னேன். அத்தான் என்னைத் தடுக்கவில்லை. என் கல்யாணமான முதல் வருடம் அது. வானொலித் தேர்வுக்கு அவர்தான் சைக்கிளில் கூட்டிப்போனார். வெளியே மூன்று மணி நேரம் வெயிலில் நின்றார். இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. 'குரல் நன்று. ஆனால் எதிரே ஒருவர் இருப்பதாக எண்ணிப் பேசவில்லை. தேர்வாகவில்லை.' வீட்டில் எல்லோரிடமும் நான்தான் முதல் என்று நான் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். உனக்கு அப்போது பதினெட்டு. 'எங்க அக்கா ரேடியோவில் வரப்போகிறாள்' என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். அந்தக் கடிதத்தோடு உன் முகத்துக்கு எதிரே வர என்னால் முடியவில்லை.

பெயின்ட் கையோடு வந்த அவரிடம், "நீங்க போக விடலன்னு சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன். "சொல்லிக்கோ, எனக்கென்ன" என்றார். அவ்வளவுதான். புதுப் பெண்டாட்டி கேட்டாள், கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு தன் நல்ல பேரை அவர் திருப்பிக் கேட்கவே இல்லை. அம்மா சாகும்வரை அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ அந்த மேஜையில் அவரைக் கிழித்தாய். நான் கையில் கரண்டியோடு நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். நான் பாத்திரத்தைப் பார்த்தேன். அவர் எழுந்து கை கழுவப் போனார். பதில் இல்லாமல் போனவர் இல்லை அவர். என்னைக் காட்டிக்கொடுக்காமல் போனார்.

அன்று மறுபடிக்காரி கேட்டபோது 'இல்லை' என்றேனே, அதுவும் பொய்தான். நாற்பது வருடம் முன்பு ஒருவர் எழுத்திலேயே சொல்லியிருந்தார். அதையே இவளும் சொன்னாள். எக்ஸ்சேஞ்ச் வேலையால் என் பேச்சு அப்படி ஆனது என்று இதுநாள் வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் சரியில்லை. அதற்கு முன்பே அப்படித்தான் இருந்தேன். குறையைச் சொன்னவர்கள் மேலும், பழியைச் சுமந்தவர் மேலும் கோபமாகவே என் காலம் ஓடிவிட்டது. யாருக்கும் நான் வளைந்து கொடுத்ததில்லை என்று பெருமையடித்துக்கொள்வேன். இந்த வீட்டில் வளைந்து கொடுத்தவர் யார் என்று இப்போது உனக்குத் தெரியும்.

உன்னை வராதே என்றதும் இதனால்தான். நீ வந்தால் அவரோடு பேசுவாய். பேசினால் இது வெளியே வரும். கேப்டன் போனாலும் பரவாயில்லை, இது வெளியே வரக்கூடாது என்று நினைத்தேன். உன் கடிதம் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. இந்த இரண்டாவது பழியும் அவர் தலையில் விழ நான் விடமாட்டேன்.

கேப்டன் வேடம் எனக்கு இன்னும் வேண்டும். வந்தால் ஆகஸ்ட் பத்துக்கு முன் வா. வராவிட்டால் உன்மேல் வருத்தமில்லை. வந்தாலும் வராவிட்டாலும் அவரைப் பற்றி நீ நினைத்திருந்ததை மாற்றிக்கொள். அதைத்தான் கேட்கிறேன். கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா

*

ஆகஸ்ட் 10, பகல் இரண்டு மணி, உன் சாப்பாட்டு மேஜை

அக்கா, வீட்டுக்குள்ளேயே கடிதமா என்று கேட்காதே. நீ வந்து அத்தானிடம் உட்கார்ந்ததும் நான் மருந்து வாங்கக் கிளம்பிவிடுவேன். வாயால் சொன்னால் பாதியில் விட்டுவிடுவேன். அதனால் எழுதி, டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறேன்.

நீ வாசலைத் தாண்டிப் போன பிறகு என் கருவிப் பையைத் திறந்தேன். நான் மெஷினுக்கு அடியில் ரப்பர் பட்டை வைத்தேன், சத்தம் பாதியாகிவிட்டது. அவர் தலையாட்டினார். அப்புறம் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "அத்தான், ஏழு வருஷம் முன்னாடி நான் பேசினது" என்று ஆரம்பித்தேன். அவர் ஒரு விரலைத் தூக்கினார். மூச்சு வாங்கிக்கொண்டு, துண்டு துண்டாகக் கேட்டார்.

"சொல்லிட்டாளா?"

"சொல்லிட்டா."

"கடுதாசியிலயா?"

"ஆமா."

"நல்லா வந்துச்சா?"

டேக்கைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்கிறார் அக்கா! "பஸ்ல படிச்சேன் அத்தான். பக்கத்து சீட்டுல இருந்தவர் கர்சீப் குடுத்தார்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்பில் இருமல், இருமலில் மெஷின் அலற, டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நர்ஸ் ஓடிவந்து எங்கள் இருவரையும் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனாள்.

மூச்சு அடங்கியதும் நான் முறையாக மன்னிப்புக் கேட்டேன். அவர் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் எழுதுகிறேன்.

"உங்கக்காவுக்கு ரெண்டு வரிக்குப் பன்னெண்டு டேக் ஆச்சு. நான் நாப்பது வருஷம் வில்லன் வேஷம் போட்டேன்டா. ஒருத்தன், ஒரே ஒருத்தன், ரீடேக் கேட்டானா பாரு."

தம்பி